சில நேரம் மட்டும் வரும் கோளாறு

ஒரு வண்டி அடியோடு கெட்டுப்போய்விட்டால் அதில் ஒருவகை நிம்மதி உண்டு. பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கேயும் அது ஓடாது. மெக்கானிக் மிதித்துப் பார்ப்பார். பழுதைத் தம் கண்ணாலேயே காண்பார். கழற்றிச் சரிசெய்து தருவார். நன்றாக ஓடுகிற வண்டியைப் பற்றியோ பேச்சே இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில் ஓடும். பாதி வழியில் நிற்கும். பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் மீண்டும் ஒழுங்காக ஓடும். பணத்தையும் பொழுதையும் மட்டுமன்றி, மனிதர்களுக்கு இடையே உள்ள நம்பிக்கையையும் தின்றுவிடுவது இந்த மூன்றாவது வகைதான்.

மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இவ்வகை புதிதன்று. வீட்டில் உம்மாவிடம் தடங்கலின்றி ஒப்புவித்துவிட்டு, உஸ்தாதின் முன்னால் வந்து அமர்ந்ததும் திக்குகிற பிள்ளைகள் உண்டு. 'பாடம் வரவில்லை' என்று ஒரே சொல்லில் முடிவுகட்டிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அநீதி செய்தவர்களாவோம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் முன்னிலையில் திக்குகிறது என்று பொறுமையாகக் கவனித்தால்தான் காரணம் புலப்படும். ஸ்கூட்டரின் கதையும் ஏறத்தாழ அதுவே.

1970-களிலும் 80-களின் முற்பகுதியிலும் நம் நாட்டில் ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்நியச் செலாவணியில் பணம் செலுத்துவோருக்கு விரைவில் கிடைத்தது. ஆகவே சபுராளிகள் நிறைந்த எங்கள் கடலோர ஊர்களில், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தால் வீடு வந்து சேர்ந்த பெருமைக்குரிய பொருள்களுள் ஸ்கூட்டரும் ஒன்றாக இருந்தது. மர்ஹூம் எங்கள் வாப்பா வாங்கியது அந்த நீண்ட வரிசையெல்லாம் தீர்ந்த பிறகு, 1994-இல். டூ ஸ்ட்ரோக் எஞ்சின், கிக்கர், கையால் மாற்றும் கியர். அதன் பதிவை உரிய காலத்தில் புதுப்பித்து இன்றும் ஓட்டி வருகிறேன். அதிராம்பட்டினத்தின் உப்பளப் பகுதியைக் கடந்து, அஸருக்குப் பின் எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு கிராமத்து மக்தபுக்குச் செல்ல எனக்கு இருக்கும் துணை அதுதான்.

2022-ஆம் ஆண்டு அந்தத் துணை வழியில் கைவிடத் தொடங்கியது.

ஒருநாள் நிற்கும், நான்கு நாள் நிற்காது. பிறகு ஒரே நாளில் இருமுறை நிற்கும். சாலையோரம் சற்றுக் காத்திருந்து மிதித்தால், எதுவுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். மக்தபில் முப்பது பிள்ளைகள் கிதாபை விரித்துவைத்துக் காத்திருப்பார்கள். ஓர் இரவு, மனைவியையும் சிறிய மகளையும் அழைத்துக்கொண்டு பட்டுக்கோட்டையிலிருந்து திரும்பும்போது, விளக்கே இல்லாத ஓரிடத்தில் நின்றுவிட்டது. லாரிகள் காற்றை வாரியடித்துக்கொண்டு கடந்து போயின. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். 'இனி இதில் நாங்கள் வரமாட்டோம்' என்று என் மனைவி மறுநாள் சொன்னதில் நியாயமில்லை என்று எவராலும் கூற முடியாது.

பட்டறையை நடத்துபவர் இருபத்தைந்து வயதுத் தம்பி. முதல் முறை பிளக்கை மாற்றினார். மூன்று நாள் நன்றாக ஓடியது. நான்காம் நாள் நின்றது. அடுத்து பிளக் கேப். ஒரு வாரம் ஓடியது, நின்றது. மூன்றாவதாக சி.டி.ஐ. எனப்படும் மின்பெட்டி. அதன் பிறகும் சில நாள் அமைதி. பிறகு அதே கதை. ஒவ்வொரு முறையும் நான் வண்டியைக் கொண்டுபோகும்போது அது ஒரே மிதியில் கிளம்பும். "பாருங்க பாய், நல்லாத்தானே ஓடுது?" என்பார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்ற வண்டி இருவரையும் பொய்யராக்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் பேச்சு வேறு திசையில் சென்றது. "நல்ல பாகத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பழசை மாட்டி அனுப்புகிறான் மச்சான். ஆளை மாற்றுங்கள்" என்றார் என் மைத்துனர். ஊரில் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். கண்ணால் காணாத ஒன்றுக்கு ஒருவனைத் திருடன் என்பது எவ்வளவு எளிதாகிவிடுகிறது! சிறிய ஊரில் பட்டறை நடத்தும் இளைஞனுக்கு அந்த ஒரு சொல் போதும். கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். பழுதைக் கண்டுபிடிப்பது என் பயணத்துக்காக மட்டும் என்று இருந்தது, அன்றிலிருந்து ஒரு மனிதனின் பெயருக்காகவும் என்று ஆகிவிட்டது.

பொறி பிறக்கும் வழி

நான் கலைப் பட்டதாரி. எந்திரக் கல்வி கற்றவனல்லன். ஆயினும் அந்தத் தம்பியிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை எளிதாகவே சொல்லிவிடலாம்.

எஞ்சினின் பக்கவாட்டில் கனமான ஒரு சக்கரம் சுழல்கிறது. அதன் உட்புறத்தில் காந்தங்கள் பதிந்திருக்கும். பட்டறைகளில் இதனை 'மேக்னட்' என்பார்கள். அதற்குள்ளே அசையாத தட்டு ஒன்றில் செம்புக்கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. சக்கரம் சுழலச் சுழல, சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. சி.டி.ஐ. பெட்டி அதனைச் சேர்த்துவைத்து, உரிய கணத்தில் காயிலுக்குள் விடுகிறது. காயில் அதைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தித் தடித்த ஒயர் வழியே பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்கின் நுனியில், ஏறத்தாழ 0.6 மி.மீ. இடைவெளியில், அது பொறியாகத் தாவுகிறது. இன்னும் பழைய வண்டிகளில் சி.டி.ஐ.க்குப் பதிலாகப் பாயிண்டும் கண்டென்சரும் அந்த வேலையைச் செய்யும். உயர் மின்னழுத்த மேக்னட்டோவும் பிளக்கும் இணைந்த முறையை 1902-இல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் தொழிலகத்தில் காட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் உருவாக்கினார். அடிப்படைக் கருத்து அன்றிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 பொறி. பதினைந்து நிமிடப் பயணத்தில் 45,000 பொறிகள். இவ்வளவு நீண்ட சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி, கண நேரம் விட்டால் போதும், வண்டி நிற்கும். அந்தக் கண்ணி மறுபடி சேர்ந்துகொண்டால் ஓடும். 'சில நேரம்' என்பதன் பொருள் இதுதான். பாகம் செத்துவிடவில்லை, ஏதோ ஒரு நிலைமையில் மட்டும் அது கையை விட்டுவிடுகிறது. ஆகவே தேட வேண்டியது பாகத்தை அல்ல, அந்த நிலைமையை.

ஒரு குறிப்பேடு

பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைப் போல ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியின் பெட்டியில் வைத்தேன். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஆறு செய்திகளை அதில் எழுதினேன். கிளம்பி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று? மழையா, வெயிலா? பின்னால் ஆள் உண்டா? மேடுபள்ளத்தில் குலுங்கியதா, ஹேண்டிலைத் திருப்பினேனா? சட்டென்று அணைந்ததா, தடுமாறித் தடுமாறி நின்றதா? எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது?

ஐந்தாவது கேள்வியே முதல் வாசலைத் திறந்தது. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி, மூச்சு வாங்கி, இழுத்து, மெல்ல அடங்கும். பொறி அறுபட்ட வண்டியோ சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே கணத்தில் அடங்கிவிடும். எங்கள் வண்டி ஒவ்வொரு முறையும் சட்டென்றே அணைந்தது. ஆயினும் ஒரு சோதனை செய்தேன். பெட்ரோல் டேங்க் மூடியிலுள்ள நுண்ணிய காற்றுத்துளை அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று குறைந்து, சில கிலோமீட்டரில் பெட்ரோல் வரத்து நின்றுபோகும். மூடியைத் திறந்து மூடினால் வண்டி கிளம்பும். பலரைப் பொறிக் கோளாறு என்று ஏமாற்றுவது இதுவே. வண்டி நின்ற இடத்தில் மூடியைத் திறந்து பார்த்தேன், பயனில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்; நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வந்திருக்கிறது, பொறிதான் வரவில்லை என்பதற்கு அதுவே சான்று.

பதினொரு பதிவுகள் சேர்ந்ததும் குறிப்பேட்டைத் தம்பியிடம் கொடுத்தேன். முதல் ஆறு கிலோமீட்டருக்குள் ஒருமுறைகூட நிற்கவில்லை. மழையென்றும் வெயிலென்றும் வேறுபாடில்லை. ஹேண்டிலைத் திருப்பியதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்ட பின்னரே கிளம்பியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாய், இது சூட்டுல வர்ற கோளாறு. நீங்க இங்க கொண்டுவர்றதுக்குள்ள ஆறிடுது. அதான் எனக்குச் சிக்கவே இல்ல" என்றார்.

மறுநாள் வண்டியை அவரே எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நின்றதும் தள்ளிக்கொண்டு வந்து, ஆறுவதற்குள் சோதனையைத் தொடங்கினார். முதலில், அணைக்கும் சுவிட்சுக்குப் போகும் ஒயரைப் பிரித்தார். இத்தகைய வண்டிகளில் சாவியை மூடும்போது மின்சாரம் பாடியில் எர்த் ஆகிறது. அதனால்தான் வண்டி அணைகிறது. அந்த ஒயர் எங்கேனும் தோலுரிந்து பாடியில் பட்டாலும் வண்டி நின்றுவிடும். பிரித்த பின்பும் பொறியில்லை. ஆகவே சுவிட்சின் மேல் குற்றமில்லை. அடுத்து, நன்றாக ஓடும் வேறொரு வண்டியின் காயிலை மாட்டிப் பார்த்தார். அப்போதும் பொறியில்லை. பிறகு மீட்டரை எடுத்து, மேக்னட்டுக்குள்ளிருந்து வரும் ஒயரில் வைத்தார். சில நூறு ஓம் காட்ட வேண்டிய முள் பூச்சியத்தருகே கிடந்தது. ஒயரை விரலால் அசைத்தார். முள் துள்ளி எழுந்து மறுபடி விழுந்தது. எஞ்சின் ஆற ஆற, முள் தானாகவே சரியான அளவுக்கு வந்து நின்றது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனையோ மாதங்களாக ஒளிந்து விளையாடியது அன்றுதான் கண்ணில் பட்டது.

மேக்னட்டைப் புல்லர் போட்டுக் கழற்றினார். உள்ளே, தட்டிலிருந்து வெளியே வரும் ஒயர்களின் மேலுறை, ஏறத்தாழ முப்பதாண்டுச் சூட்டிலும் எண்ணெயிலும் ஊறி, காய்ந்த வாழைச் சருகைப்போல் உதிர்ந்துகொண்டிருந்தது. செம்பு வெளியே தெரிந்தது. சூடேறி நெகிழும்போது அது உலோகத்தைத் தொடும், ஆறினால் விலகும். அந்த ஒயர்களை மட்டும் புதிதாக மாற்றிப் பற்றவைத்து, சூடு தாங்கும் உறையிட்டு மூடினார். முன்பு மூன்று முறை மாற்றிய பாகங்களுக்கு ஆன செலவில் கால் பங்குகூட ஆகவில்லை. அதன் பிறகு இன்றுவரை அந்தக் கோளாறு திரும்பவில்லை.

அப்படியானால் முந்தைய மூன்று முறையும் சில நாள் நன்றாக ஓடியது ஏன்? இதற்கு அவர் தந்த விடை என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஒவ்வொரு முறை பாகம் மாற்றும்போதும் கை பட்டு ஒயர்கள் சற்று இடம் மாறும், தொட்டுக்கொண்டிருந்தது விலகிவிடும். குலுங்கிக் குலுங்கிப் பழைய இடத்துக்கு வரச் சில நாளாகும். பாகம் மாற்றியதால் சரியானதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் சரியாக்கியது தற்செயலாகப் பட்ட கை. கழற்றிய பழைய பிளக், கேப், சி.டி.ஐ. மூன்றையும் அவர் அன்றே ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார். மூன்றும் நல்ல நிலையில் என் பெட்டியில் கிடக்கின்றன. என் மைத்துனரிடம் அந்தப் பையைக் காட்டினேன். இப்போது அவருடைய வண்டியும் அதே பட்டறைக்குத்தான் போகிறது.

மூன்று பகைவர்கள்

வாசக அன்பர்கள் வீட்டிலும் இத்தகைய வண்டி இருக்கலாம். விட்டுவிட்டு வரும் பொறிக் கோளாறுக்குப் பின்னால் பெரும்பாலும் சூடு, குலுக்கல், ஈரம் என்ற மூன்று பகைவர்களில் ஒருவர் இருப்பார். எவர் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சூடேறிய பின் நின்று, ஆறியதும் ஓடினால், காயில், மேக்னட்டுக்குள் உள்ள சுருள்கள், பாயிண்ட் உள்ள வண்டியானால் கண்டென்சர் ஆகியவற்றை நோக்க வேண்டும். சுருளின் உள்ளே விட்டுப்போன கம்பி குளிரில் ஒட்டியும் சூட்டில் விலகியும் இருப்பதுண்டு. ஆறிய வண்டியில் இவற்றைச் சோதிப்பது வீண் வேலை.

பள்ளத்தில் இறங்கும்போதோ ஹேண்டிலைத் திருப்பும்போதோ நின்றால், ஹேண்டில் கழுத்தருகே ஒயர் உரசித் தேய்ந்திருக்கிறதா, சாவி சுவிட்சு ஆட்டம் கண்டிருக்கிறதா, எர்த் ஒயரின் போல்ட் தளர்ந்து துருவேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் கடைசி வரி முக்கியம். உப்புக்காற்றில் இணைப்புகளில் பச்சை பூத்துவிடும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினாலே பல கோளாறுகள் தீர்ந்துவிடும்.

மழையிலும் அதிகாலைப் பனியிலும் மட்டும் தொல்லை தந்தால், தடித்த ஒயரிலும் பிளக் கேப்பிலும் கீறல் விட்டிருக்கக்கூடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஒயரிலிருந்து நீலப் பொறி வெளியே கசிவது இருட்டில் கண்ணுக்குத் தெரியும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கே உரிய நான்காவது ஒன்றும் உண்டு. பெட்ரோலில் ஆயில் அளவுக்கு மீறினால் கரித்துகள் பிளக்கின் இடைவெளியில் நூல்போல் பாலம் கட்டிப் பொறியைத் தடுத்துவிடும். பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு லிட்டருக்கு 20 மி.லி. என்பதே கணக்கு. 'கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது' என்று ஊற்றுவது நன்மையன்று.

பொறியைச் சோதிப்பவர்கள் இரண்டை மறக்கலாகாது. வெளியே எடுத்த பிளக்கை எஞ்சினின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்தே மிதிக்க வேண்டும். கையில் பிடித்தால் கடுமையாகத் தாக்கும், காயிலுக்கும் கேடு. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். பொறி அதன் அருகில் இருந்தால் தீப்பற்றும். இன்னொன்று: வெளிக்காற்றில் எளிதாகத் தாவும் பொறி, எஞ்சினுக்குள் அழுத்தத்தில் தாவாமல் போகலாம். வெளியே மெலிந்த பொறி வருவதை வைத்து 'கரண்ட் சரியாக இருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

புதிய ஸ்கூட்டர்களில் நிலைமை சற்று வேறு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பின் கார்புரேட்டரின் இடத்தைப் பெட்ரோல் பீய்ச்சும் மின்னணு முறை பிடித்துக்கொண்டது. கோளாறு வந்தால் முகப்பில் விளக்கு எரியும். அதன் நினைவகத்தைக் கருவியால் படிக்கலாம். அந்த விளக்கு எரிந்ததா, எப்போது எரிந்தது என்று குறித்துவைப்பது பயன் தரும். பாட்டரி பலவீனமானாலும், சைடு ஸ்டாண்டு சுவிட்சில் மண் அடைத்தாலும் பல புதிய வண்டிகள் திடீரென்று நின்றுவிடும். இவ்விரண்டையும் முதலில் பார்த்துவிட்டு, விலையுயர்ந்த பாகங்களுக்குப் பிறகு போகலாம். வேலைக்கும் கல்லூரிக்கும் ஸ்கூட்டரில் செல்லும் நம் வீட்டுப் பெண்மக்கள் இதை அறிந்திருப்பது மிகவும் நல்லது. வழியில் நிற்கும்போது அருகில் மெக்கானிக் இருப்பதில்லை.

எந்த வண்டியானாலும் ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றாதீர்கள். மாற்றினால், சரியானது எதனால் என்பது எவருக்கும் தெரியாமல் போகும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அது உங்களுக்கும் மெக்கானிக்குக்கும் ஒருங்கே பாதுகாப்பு. பட்டறைக்குச் செல்லும்போது 'வண்டி நின்றுபோகிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த நிலையில், எப்படி நின்றது, எவ்வளவு நேரத்தில் கிளம்பியது என்று எழுதிக் கொடுங்கள். அவர் காணாத ஒன்றை அவருக்குக் காட்டக்கூடியவர் நீங்கள் ஒருவர் மட்டுமே.